மஞ்சள் கதவும் பழைய எழுதுவினைஞர் சங்கமும்

மோர்னிங்சைட்
07.10.2024

செல்வி துவாரகா இராஜரட்ணம் அவர்களுக்கு,

விடயம்: உமது இசைத்தொகுப்பின் நான்காவது பாட்டு.

நான் உமது தகப்பன். எட்டு வருடங்களாக நாம் பேசிக்கொள்ளாதபடியால் இதை முதலில் குறிப்பிடுவது முறை என்று நினைக்கிறேன். மருந்தகத்தில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு நீர் கிற்றாருடன் வெளியேறிய அன்று நான் சொன்ன வார்த்தைகளை மீளப் பெறுவதற்காக இக்கடிதம் எழுதப்படவில்லை.

‘மஞ்சள் முன்கதவு’ என்ற உமது தொகுப்பு சென்ற மாதம் வெளிவந்தது. பதினொரு பாட்டு. கன்றி ரொக் இசை என்கிறார்கள். அந்த வகை எனக்குத் தெரியாது. குதிரை வைத்திருப்பவர்கள் வீட்டை நினைத்துக் கவலைப்படுவது என்று நவரட்ணம் விளக்கினார்.

இந்த நவரட்ணம் தனது வாரப் பத்திரிகையில் அதற்கு முழுப்பக்க விமர்சனம் எழுதியிருக்கிறார். இசையைப் பற்றி ஒரு வசனம்: ‘இசை பொருத்தமாக அமைந்துள்ளது.’ மிகுதிப் பக்கம் முழுவதும் நான்காவது பாட்டின் தமிழாக்கம். வாசகர்கள் ஆங்கிலத்தால் சிரமப்படக் கூடாது என்ற நல்லெண்ணம். ஆகவே, கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் ஒஷாவாவுக்குக் கார் ஓட்டும் ஒரு தகப்பனையும், அங்கே மஞ்சள் கதவைத் திறக்கும் ஒரு பெண்ணையும் ஸ்காபரோத் தமிழரில் இப்போது அறியாதவர் இல்லை.

சென்ற புதன்கிழமை ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். இறந்தவரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. மூன்று பேர் தனித்தனியாக என் அருகில் வந்து, “என்ன அண்ணை, ஹைவேயிலை சனிக்கிழமையிலை ட்ரபிக் எப்பிடி?” என்று கேட்டார்கள்.

உமது தாயார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். “உங்கட பழைய எழுதுவினைஞர் சங்கத்திலை எத்தினை பேர்? அவையின்ரை பேரென்ன? ஒராளின்ரை போன் நம்பரைத் தாங்கோ பாப்பம்.” முதல் இரண்டுக்கும் உடனே பதிலளித்தேன்.

இப்போது இரண்டு பெட்டிகளுடன் நவரட்ணத்தின் வீட்டுக்குக் கீழே, பேஸ்மன்றில் இருக்கிறேன். ஆம், அதே நவரட்ணம். விமர்சனம் வேறு, நட்பு வேறு என்கிறார். அடிக்கடி கீழே வந்து, “ஏதும் மனம் விட்டுக் கதைக்க வேணும்போலை கிடக்கோ?” என்றும் கேட்கிறார்.

எனது கோரிக்கை சிறியது. நான்காவது பாட்டு முழுக்கக் கற்பனை என்று உமது தாயாருக்கு ஒரு கடிதம் எழுதும். மூன்று வரி போதும். முப்பத்தேழு வருடக் குடும்பம் இந்த மூன்று வரியில் நிற்கிறது.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எனது இணைப்பு உமது தாயாருடைய பெயரில் இருக்கிறது. யார் யார் அழைத்தார்கள் என்று அவருக்குப் பட்டியல் வரும்.

இங்ஙனம்,
க. இராஜரட்ணம்


பார்க்டேல்
16.10.2024

அப்பா,

உங்கள் கடிதம் முப்பது கிலோமீற்றரை ஆறு நாளில் கடந்து வந்து சேர்ந்தது. உறையில் என் பெயருக்கு முன்னால் ‘செல்வி’ போட்டிருந்ததைக் கண்டு என்னோடு வாடகைக்கு இருக்கும் பிள்ளை, யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

பாட்டைக் கேட்டீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. நவரட்ணம் அங்கிளின் தமிழாக்கத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன்.

ஆங்கிலப் பத்திரிகைகள் என்ன சொல்கின்றன என்று அறிய விருப்பமா? ஒருவர் அந்த ஒஷாவா வீடு இழந்த தாயகத்தின் குறியீடு என்கிறார். இன்னொருவர் கதவின் மஞ்சள் நிறத்துக்கு மட்டும் இரண்டு பந்தி செலவழித்து, அது மஞ்சளும் குங்குமமும் சம்பந்தப்பட்ட ஒரு புராதனச் சடங்கு என்று முடித்திருக்கிறார். அல்பேர்ட்டாவில் ஒரு வானொலிக்காரர் என்னிடம் குதிரையில் ஏறியிருக்கிறேனா என்று கேட்டார். மல்வேர்னில் 133ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியிருக்கிறேன் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. மொத்தத்தில் வெள்ளைக்காரர் ஒருவரும் அந்த வீட்டை வீடு என்று நம்பவில்லை. தமிழர் ஒருவரும் அதைப் பாட்டு என்று நம்பவில்லை.

மூன்று வரி எழுத முடியாது அப்பா. பாட்டு கற்பனை இல்லை.

2014 புரட்டாதியில் ஒஷாவாவில் ஒரு சின்ன பாரில் பாடப் போனேன். வீட்டில் மருந்தகத்தில் ஓவர்ரைம் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்க்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பிற்பகல், ஒலி ஒழுங்குகள் முடிந்து நடந்துகொண்டிருந்தபோது ஒரு வாசலில் உங்கள் கொரொலாக் கார் நின்றது. நீங்கள் ஏணியில் நின்று கூரைப் பீலியில் இருந்து சருகு அள்ளிக்கொண்டிருந்தீர்கள். கையுறை போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பல்ப் மாற்றாத மனிதர். மஞ்சள் கதவு திறந்து ஒரு பெண் தேத்தண்ணி கொண்டுவந்தார். நீங்கள் கவனமாக இறங்கி, கையுறையைக் கழற்றி, இரண்டு கையாலும் வாங்கினீர்கள். அம்மா தரும் தேத்தண்ணியை நீங்கள் ஒருநாளும் இரண்டு கையால் வாங்கியதில்லை.

அன்று நான் பாடியது நன்றாக இல்லை. பத்து வருடம் அதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் ஸ்ரூடியோவில் மைக்குக்குச் சொன்னேன்.

யார் அந்தப் பெண்?

துவாரகா


மோர்னிங்சைட்
23.10.2024

துவாரகாவுக்கு,

பார்வை: உமது 16ஆம் திகதிய கடிதம்.

அக்கடிதம் எனக்குக் கிடைத்தபோது உறையின் நாக்கு சற்று நெளிந்திருந்தது. தபாலை மேல்மாடியில் நவரட்ணம்தான் எடுக்கிறார். தேத்தண்ணிக் கெற்றில் ஆவி கக்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. இனித் தபால்காரரை வாசலில் நின்று நானே சந்திப்பேன்.

முதலில் எனக்கு ஒரு விளக்கம் தேவை. 2014இல் ஒஷாவாவில் எத்தனையோ தெருக்கள் இருக்க, நீர் ஏன் அந்தத் தெருவால் நடந்தீர்? உம்மை யாரும் அனுப்பினார்களா? உமது தாயார் அப்போதே சந்தேகப்பட்டு உம்மைப் பின்தொடர வைத்தார் என்றால், பத்து வருடம் அறியாதவர்போல் எனக்குச் சனிக்கிழமை காலையில் பிட்டு கட்டித் தந்தது ஏன்? கூட்டத்தில் எல்லாருடனும் பகிர்ந்து சாப்பிடச் சொல்லி எட்டுப் பேருக்குக் கட்டித் தருவார். அதை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பெண்ணின் பெயர் ஜூலி. மட்டக்களப்பு. கணவர் அகஸ்ரின் காலமாகிவிட்டார். முதியோர் இல்லத்தில் வேலை. நீர் நினைப்பது போல் எதுவும் இல்லை. இதற்குமேல் என்னால் விளக்க முடியாது. விளக்கினால் நிலைமை மோசமாகும்.

இதைவிட மோசமான நிலைமை என்ன என்று நீர் கேட்கலாம். கேட்க வேண்டாம்.

மூன்று வரியை மீண்டும் கோருகிறேன்.

க. இராஜரட்ணம்


பார்க்டேல்
30.10.2024

அப்பா,

‘நீர் நினைப்பது போல் எதுவும் இல்லை’ என்பது பாட்டில் அந்தத் தகப்பன் சொல்லும் வரி. ஆங்கிலத்தில், சொல்லுக்குச் சொல் அப்படியே. நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டது.

என்னை ஒருவரும் அனுப்பவில்லை. கோப்பிக் கடை தேடி நடந்தேன். நீங்கள் என்னைச் சந்தேகிப்பது புதினமாக இருக்கிறது. ஏணியில் நின்றது நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்வேர்னுக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். எட்டு வருடம் உங்களுக்குத் தெரியாமல் அவவை ஷொப்பிங் மோலில் மட்டும் சந்தித்தவள், முன்வாசலால் போனேன். குசினி மேசையில் உங்கள் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகங்கள், பன்னிரண்டு வருடத்துக்குப் பன்னிரண்டு. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்து முடித்திருந்தா.

“இருந்து பார். இது 2017. செயலாளர் தெரிவிலை உவர் ஒரு வோட்டாலை தோத்திருக்கிறார்.”

“சங்கத்திலை அப்பா மட்டுந்தானே அம்மா?”

“அதுதான் சொல்லுறன்.”

2019 மாசியில் கந்தப்போடி என்ற உறுப்பினர் காலமாகி, இரண்டு நிமிட மௌனம் அனுட்டித்திருக்கிறீர்கள். அம்மா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தா. “உந்தக் கந்தப்போடிக்காக நான் அண்டைக்கு மரக்கறி சமைச்சனான். பாவம், குமர்ப்பிள்ளையள் மூண்டு எண்டு உவர் வந்து சொன்னவர். இல்லாத மனுசனுக்கு அழுதிருக்கிறன்.” பிறகு புத்தகத்தை மூடினா. “கதை எழுதியிருக்கலாம். உந்தப் பக்ரரி வேலையை விட்டுட்டுப் பிழைச்சிருப்பார்.”

அவ கோபமாக இருந்தால் எனக்குப் பயமில்லை. அவ அமைதியாக இருக்கிறா. கலண்டரில் மாசி முதலாம் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறா. என்னவென்று கேட்டேன். “அதுக்குள்ளை உண்மை வந்தால் சரி. வராட்டில் நான் ஒரு முடிவெடுப்பன்” என்றா.

ஆகவே, இந்தச் சனிக்கிழமை நான் கிங்ஸ்ரனில் பாடுகிறேன். அடுத்த சனிக்கிழமை, நவம்பர் ஒன்பது, ஓய்வு. ஒஷாவாவுக்குப் போய் அந்தக் கதவைத் தட்டப் போகிறேன்.

துவாரகா


மோர்னிங்சைட்
05.11.2024

துவாரகாவுக்கு,

போக வேண்டாம்.

நான் இதுவரை உம்மிடம் எதையும் தயவாகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நவரட்ணத்தின் மனைவியிடம் கொடுத்து இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். அவர் முகவரியை இரண்டு தரம் வாசித்தார்.

அந்தக் கதவைத் தட்டினால் நீர் தேடிப்போனது கிடைக்காது. வேறொன்று கிடைக்கும்.

க. இரா.


பார்க்டேல்
11.11.2024

அப்பா,

போனேன்.

வாசலில் நின்று சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன். தொடக்கம் நன்றாக இருந்தது: ‘நான் உங்களை அவமதிக்க வரவில்லை.’ கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். வேலை உடுப்பில் நின்றார்.

“கீசர் பாக்க வந்தீங்களா?”

“இல்லை. நான் இராஜரட்ணத்தின்ரை மகள். துவாரகா.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்களா புள்ள வீட்டுச் சொந்தக்காரி? பன்னெண்டு வருசமா உங்கட பேர மட்டுந்தான் கண்டிருக்கன். உள்ளுக்கு வாங்க. கீசர் ஒழுகுது, ஐயாவுக்கு ரெண்டு மாசமாப் போன் போட்டும் எடுக்காரில்ல.”

குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்த குடியிருப்பு ஒப்பந்தத்தைக் காட்டினார். உரிமையாளர்: துவாரகா இராஜரட்ணம். நான் மூன்று தரம் வாசித்தேன். அப்பா, நான் ஒரு கதவைப் பற்றிப் பாட்டு எழுதி, அதை நாடு முழுவதும் பாடி, அந்தக் கதவு என்னுடையது என்பதை வாடகைக்கு இருப்பவர் சொல்லி அறிந்திருக்கிறேன்.

உங்களைப் பற்றிக் கேட்டேன். “ஐயாவா? அவர் ஒரு கரச்சல் புடிச்ச மனுசன். பன்னெண்டு வருசத்தில நான் இருக்கக்குள்ள ஒருநாள் வாசல் தாண்டல்ல. பொம்புள தனிய இருக்கிற ஊடாம். மைனஸ் இருவதில வெளிப் படியில நிண்டு தேத்தண்ணி குடிப்பார். குழாய் திருத்த வேணுமெண்டா நான் வேலைக்குப் போன பொறகுதான் உள்ளுக்குப் போவார். எட்டுப் பேருக்குப் புட்டுக் கொண்டுவந்து தருவார், என்ட மகனும் நானும் கிழமை முழுக்கச் சாப்பிடுவம்.”

ஆகவே அந்தச் சந்தேகம் முடிந்தது. உங்களிடம் அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், இந்த ஒரு வரியில்.

இப்போது மற்றது. 2012இல் மார்க்கம் வீதியில் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போய், காப்புறுதிக் கடதாசி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்கள். அவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் காதில் பாட்டு மாட்டியிருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வருடம்தான் வீட்டுக்கு வந்த ஆட்கள் எல்லாரும் என்னைத் தேத்தண்ணித் தட்டோடு பார்க்க ஆசைப்பட்டார்கள்.

அப்பா, இது சீதனமா? மாப்பிள்ளை யார்? அவரும் ஸ்காபரோவில் எங்கேயோ பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கிறாரா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு கிழமை தருகிறேன்.

துவா


மோர்னிங்சைட்
14.11.2024

துவா,

நாளைக்குத் தபால்காரர் வேலைநிறுத்தம் என்கிறார்கள். ஆகவே இன்றே போடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

மாப்பிள்ளை ஒருவரும் இல்லை. அந்த வருடம் ஐந்து இடத்தில் பேசினார்கள். ஐந்து பேரும் கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்கள்: “பிள்ளைக்கு என்ன செய்யிறியள்?” ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வீட்டை வாங்கினேன். பிறகு நீ பாடப் போனாய். மாப்பிள்ளை வரவில்லை, வீடு வந்துவிட்டது.

இதை ஏன் மறைத்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குக் கொக்குவிலில் ஒரு கல்வீடு சீதனமாக வந்தது. சீமெந்து நிலம், இரண்டு விறாந்தை, தண்ணீர் வற்றாத கிணறு. கலியாணம் முடிந்து இரண்டாம் வருடம் என் தங்கச்சி யோகராணிக்குச் சம்பந்தம் பொருந்தியது. அவர்கள் கேட்டதைக் கொடுக்க என்னிடம் இல்லை. உன் அம்மாவின் வீட்டை ஈடு வைத்தேன். மீட்கவில்லை. அவள்தான் கையெழுத்து வைத்தாள். ஏதோ வரிக் கடதாசி என்று சொன்னேன், வாசிக்க விடவில்லை. உன்னிடம் செய்தது எனக்குப் புதிதல்ல.

அவள் அழவில்லை. இங்கே வந்து இறங்கின கிழமை, நீ நித்திரையாகக் கிடந்தாய், எனக்குச் சொன்னாள்: “என்ரை பிள்ளைக்கு நீங்கள் சீதனம் குடுக்கிற நாள்தான் நான் உங்களோடை இருக்கிற கடைசி நாள்.” ஓம் என்றேன்.

இப்போது கணக்குப் பார். வேறு பொம்பிளை என்றால் உன் அம்மா இரண்டு வருடம் கதைக்க மாட்டாள். மூன்றாம் வருடம் சோறு போடுவாள். அப்படி மன்னிக்கப்பட்டவர்கள் என் நண்பர்களிலேயே இருவர் இருக்கிறார்கள். சீதனம் என்றால் மன்னிக்க மாட்டாள். அதனால்தான் பாட்டு கற்பனை என்று எழுதும்படி கேட்டேன். அது முடியாவிட்டால் ஜூலியில் சந்தேகம் நிற்கட்டும் என்று விட்டேன். அந்த மனுசிக்கு நான் செய்த அநியாயம் அது ஒன்றுதான்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. உன் அம்மா இல்லாமல் எந்த மருந்து காலையில் எந்த மருந்து மாலையில் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்காகத்தான் அவள் வேண்டும் என்று நினைத்துவிடாதே.

அவளுக்குச் சொல்லாதே.

அப்பா


மோர்னிங்சைட்
20.12.2024

துவாரகாவுக்கு,

ஐந்து வாரம் உம்மிடமிருந்து பதில் இல்லை. வேலைநிறுத்தம் என்பது பத்திரிகையில் இருந்தது. ஆனால் அந்தப் பத்திரிகை நவரட்ணத்தினுடையது.

14ஆம் திகதிக் கடிதம் உமக்குக் கிடைத்ததா, வேறு யாருக்கும் கிடைத்ததா என்று அறியத் தரவும். நவரட்ணம் இப்போது மனம் விட்டுக் கதைக்கச் சொல்வதில்லை. அனுதாபத்துடன் பார்க்கிறார். அவருடைய மனைவி எனக்கு இரண்டு முட்டை பொரிக்கிறார், முன்பு ஒன்று.

நேற்று மல்வேர்ன் வீட்டுப் பக்கம் காரில் போனேன். படியில் சினோப் பனி மூன்று நாளாக வழிக்கப்படவில்லை. யன்னல் திரைகள் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, “அன்ரி லக்கேஜோட போயிட்டா அங்கிள், ஒரு வான் வந்தது” என்றது. வானை ஓட்டியவர் தாடி வைத்த வெள்ளைக்காரராம்.

யார் அந்த வெள்ளைக்காரர்?

க. இராஜரட்ணம்


பார்க்டேல்
04.01.2025

அப்பா,

அவர் என் ட்ரம்ஸ்காரர். அவருடைய வானில்தான் வாத்தியங்கள் ஏற்றுவோம். அம்மாவின் ஆட்டுக்கல்லைத் தூக்கியதில் இன்னும் முதுகு நோவென்கிறார்.

உங்கள் நவம்பர்க் கடிதமும் டிசம்பர்க் கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. ‘அவளுக்குச் சொல்லாதே’ என்பதை, சொல்லி ஆறு கிழமைக்குப் பிறகு வாசித்தேன். நான் தந்த ஒரு கிழமையில் உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை. வழக்கம்போல் மறைக்கிறீர்கள் என்று நினைத்து மல்வேர்னுக்குப் போய்விட்டேன்.

வீடு என் பெயரில் இருக்கிறது என்று சொன்னேன். அம்மா கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தா.

“சீதனமோ?”

“அப்பிடித்தான் கிடக்கு.”

“பொம்பிளை இல்லையோ?”

“இல்லை அம்மா. அவர் வாசலே தாண்டினதில்லையாம்.”

“வடிவா விசாரிச்சனியோ?”

“ஓம்.”

அவ கோப்பையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தா. அதையும் துடைத்து வைத்துவிட்டு, “பொம்பிளை எண்டால் நல்லாயிருந்திருக்கும்” என்றா. பிறகு கொக்குவில் வீட்டைப் பற்றி முதல் தரமாக எனக்குச் சொன்னா. நீங்கள் எழுதியதும் அவ சொன்னதும் ஒன்றே, ஒரு வித்தியாசம் தவிர. நீங்கள் இரண்டு விறாந்தை என்கிறீர்கள். அம்மா மூன்று என்கிறா.

“இருவத்தெட்டு வருசம் என்னை உந்த வாடகை வீட்டிலை வைச்சுக்கொண்டு, வராத மாப்பிள்ளைக்கு ஒஷாவாவிலை பீலி துடைச்சிருக்கிறார்.”

அப்பா, அந்த வீடு எனக்கு வேண்டாம். அம்மாவுக்கு எழுதுகிறேன். முதலில் மாட்டேன் என்றா. அவவிடம் ஒரு வீடு எடுத்தார்கள், ஒரு வீடு திரும்பி வருகிறது, இதற்குச் சீதனம் என்று பெயரில்லை என்றேன். இரண்டு நாள் யோசித்து, “அறை வெளிச்சமோ?” என்று கேட்டா. மேல்மாடியில் இரண்டு அறை வெறுமையாக இருந்தது. டிசம்பர் பதினாறாம் திகதி குடிபோனா. கீழே ஜூலி. இருவரும் மாலையில் ஒன்றாக இருந்து உங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். ஜூலிக்குப் பன்னிரண்டு வருடக் குறை இருக்கிறது, அம்மாவுக்கு முப்பத்தேழு. ஒன்றையொன்று முந்துவதில்லை.

பத்திரத்தில் உங்கள் பெயரும் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். கடதாசி உள்ளே இருக்கிறது. வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவராவது அப்படிச் செய்ய வேண்டும்.

துவா


மோர்னிங்சைட்
09.01.2025
(விரைவு அஞ்சல்)

வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

விடயம்: குடியிருக்க அனுமதி கோரல்.

கையெழுத்திட்ட பத்திரம் இணைக்கப்பட்டுள்ளது. பதினான்கு பக்கத்தையும் வாசித்தேன்.

கீழே கையொப்பமிடும் விண்ணப்பதாரி ஒஷாவாவில் உள்ள மேற்படி வீட்டின் பீலி, குழாய், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஆகியவற்றில் பன்னிரண்டு வருட அனுபவம் உடையவர். கீசரின் ஒழுகலுக்குக் காரணம் எந்த வால்வு என்று அவருக்குத் தெரியும். புகைத்தல், மது இல்லை. செல்லப்பிராணி இல்லை. பொய் உண்டு, அது நிறுத்தப்பட்டுள்ளது.

விறாந்தை மூன்றுதான். உமது தாயார் சொன்னது சரி.

அவருக்கு ஆட்சேபம் இல்லையெனில் மாடியில் ஒரு அறை போதுமானது. இல்லையெனில் வெளிப் படி பழக்கமானது.

இன்னொன்று. உண்மை தெரிந்துவிட்டபடியால், நவரட்ணத்தின் பத்திரிகையில் ஒரு சிறு விளக்கம் பிரசுரித்து எனது பெயரைத் துடைக்க விரும்புகிறேன். அரைப்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தைப்பொங்கல் இதழுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். என்னவென்று அவருக்கு இன்னும் காட்டவில்லை. மனிதர் நித்திரையில்லாமல் திரிகிறார்.

க. இராஜரட்ணம்


பார்க்டேல்
13.01.2025
(விரைவு அஞ்சல்)

அப்பா,

அந்த அரைப்பக்கத்தைக் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள்.

சனிக்கிழமை நகரத்தில் எங்கள் நிகழ்ச்சி. அம்மாவும் ஜூலியும் ஒஷாவாவில் இருந்து ரெயினில் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். நான்காவது பாட்டை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். பொய் என்று தெரிந்த பிறகு எப்படிப் பாடுவது? சனம் விடவில்லை. அந்தப் பாட்டால்தான் இந்தத் தொகுப்பு ஒரு விருதுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. பாடினேன். இருநூறு பேர் சேர்ந்து பாடினார்கள். ஜூலி கையைத் தட்டித் தட்டிப் பாடினா. அது தன்னைப் பற்றியது என்று அவவுக்கு அன்றுதான் விளங்கியது, நல்ல சந்தோசம். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அம்மாவிடம் உங்கள் விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினேன். பத்திரிகை விளக்கம் என்ற இடத்தில் கையை உயர்த்தினா.

“என்னெண்டு எழுதப் போறாராம்? இது பொம்பிளை இல்லை, மகளுக்குக் குடுத்த சீதனம் எண்டோ?”

“உண்மை அதுதானே அம்மா. அவருக்குப் பேர் கெட்டுப்போச்சு.”

“அவருக்குப் பேர் கெட்டதாலை இப்ப எனக்கு மரியாதை. செத்தவீட்டுக்குப் போனால் கதிரை தருகினம். சீதனம் குடுத்த வீடு எண்டு தெரிஞ்சால் நாளைக்கே பத்துப் பேர் வந்து ‘ரதி அக்கா, எங்கட பிள்ளைக்கும் ஒஷாவாப் பக்கம் வீடு பாக்கிறம்’ எண்டு நிப்பினம். என்ரை பேரிலை அது வேண்டாம்.”

“அப்ப அப்பா?”

அம்மா குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டா.

“வரச் சொல்லு. மேலை மற்ற அறை கிடக்கு. ஆனால் ஆருக்கும் ஒண்டும் விளங்கப்படுத்தக் கூடாது. கேக்கிறவை கேக்கட்டும், சிரிக்கிறவை சிரிக்கட்டும். செத்தாலும் வாய் திறக்கக் கூடாது. நீயும் பாட்டை மாத்தாதை.”

இதுதான் நிபந்தனை, அப்பா. உங்கள் பெயரா, அந்த அறையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் உங்களுக்காகக் கேட்டுப் பார்த்தேன். இரண்டும் தரமாட்டா.

துவா


மோர்னிங்சைட்
16.01.2025

துவா,

நிபந்தனை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அரைப்பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நவரட்ணத்திடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றதும் அவர் என் தோளைத் தட்டி, “விளங்குது அண்ணை, ஆம்பிளையெண்டால் அப்பிடித்தான்” என்றார். நான் மறுக்கவில்லை.

இன்று பின்னேரம் அவருடைய கணினியில் பாட்டைக் கேட்டேன். ஏணியைப் பற்றிய வரிகள் சரியாக இருந்தன.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பெட்டியுடன் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல். எதிர்வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருப்பதாகக் கேள்வி. ஆகவே, நிபந்தனையின்படி, கதவை ஜூலி திறப்பதே முறையாக இருக்கும்.

அப்பா